வெள்ளிக்கிழமை வெளியே போகாத நாசில்

என் பெயர் பிச்சைமுத்து. தகப்பனார் பெயர் ஒண்டிமுத்து. வயது எழுபத்தொன்று. திருவெள்ளறை வடக்குத் தெருவில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். துறையூர் சாலையில் உள்ள எங்கள் இரும்புப் பீரோ தொழிற்சாலையைத் தொடங்கியவன் நான். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். தகடு மடிப்பது, வெல்டிங், பவுடர் பூச்சு எல்லாம் பிறர் செய்வதைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டவை. தலைமைக் காவலர் அனுசுயா அவர்கள் கேட்க, நான் சொல்ல, இது எழுதப்படுகிறது. யாரும் என்னை மிரட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள். சர்க்கரை அதிகம்.

முதலில் என் ஆட்சேபணையைச் சொல்லிவிடுகிறேன். என் மருமகள் பானுப்ரியா வெள்ளிக்கிழமை இந்த நிலையத்தில் கொடுத்த புகாரில், காணாமல் போனவை என்று இரண்டைக் குறிப்பிட்டிருக்கிறாள். ஒன்று, பவுடர் கன்னின் நாசில். இரண்டு, மாமனார். இந்த வரிசையை மாற்றச் சொன்னேன். கொடுத்த புகாரைத் திருத்த முடியாது என்று காவலர் சொன்னதால், எனக்கு இதில் சம்மதமில்லை என்பதை மட்டும் எழுதச் சொல்லி மேலே போகிறேன்.

நாசில் என்பது சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு முனை. பீரோவின் தகடுகளை வெட்டி, மடித்து, வெல்டிங் வைத்து, தொட்டியில் கழுவிய பிறகு, பூத் என்று நாங்கள் சொல்லும் அறையில் தொங்கவிட்டு, கன்னால் நிறப் பவுடரைத் தெளிப்போம். அந்தப் பவுடர் இந்த முனை வழியாகத்தான் வெளியே வரும். அதன் பிறகு ஓவனில் வைத்துச் சூடாக்கினால் நிறம் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். எங்களிடம் இருப்பது ஒரே பூத், ஒரே கன். பழைய நாசில் தேய்ந்துபோய் இப்போதுதான் புதிது மாற்றியிருந்தோம். ஆகவே இந்த நாசில் இல்லாவிட்டால் தொழிற்சாலையில் எந்த நிறமும் ஓடாது. இது எனக்குத் தெரியும். தெரியாமல் எடுத்தேன் என்று நான் சொல்லவில்லை.

ஒரே பூத் என்பதால், எதை முதலில் ஓட்டுவது என்பதுதான் எங்கள் தொழிலில் அன்றாடம் நடக்கும் வழக்கு. லாரிக்காரருக்கு அவர் லாரி முதலில். கல்யாண வீட்டாருக்கு முகூர்த்தம் முதலில். வெல்டிங் ஆட்களுக்கு முடிந்த பீரோக்கள் நகர்ந்து இடம் காலியாக வேண்டும். கழுவிய தகடு காத்திருந்தால் துரு பிடிக்கும். ஓவனை ஆறவிட்டுத் திரும்பச் சூடேற்றினால் கரண்டு வீண். பூத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜோதிக்கோ நிறம் மாறாமல் இருந்தால் போதும், ஏனென்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கழுவுவது அவள். இத்தனை பேருக்கும் நடுவில் நான் ஒரு விதி வைத்திருந்தேன். வெளுத்த நிறம் முதலில், அழுத்தமான நிறம் பிறகு. தந்த நிறத்துக்குப் பிறகு அரக்கு ஓட்டலாம். அரக்குக்குப் பிறகு தந்தம் ஓட்டினால், பூத்தின் ஏதாவது ஒரு மூலையில் தங்கியிருக்கும் சிவப்புத் தூள் பறந்து வந்து வெள்ளைக் கதவின் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். இந்த விதியை நான் யாருக்காகவும் தளர்த்தியதில்லை. என் மகன் சுரேஷ்குமார் கல்யாணத்துக்குப் பெண் வீட்டுச் சீராக பானுப்ரியாவின் அப்பா எங்களிடமே பீரோ வாங்கினார். அது கரும்பச்சை. வரிசையில் கடைசி. கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள்தான் அது வீட்டுக்கு வந்தது. பானுப்ரியா இதை மறக்கவில்லை.

போன வருடம் கண்ணில் புரை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். திரும்பிப் போனபோது, மறுநாள் ஓட வேண்டிய நிறங்களை எழுதும் கரும்பலகையில் பானுப்ரியாவின் கையெழுத்து இருந்தது. என் நாற்காலி அதே இடத்தில் இருந்தது. துடைத்தும் வைத்திருந்தார்கள். சாக்பீஸ் மட்டும் அவள் மேசை டிராயருக்குப் போயிருந்தது. அதன் பிறகு, நாளைக்கு என்ன ஓட்டலாம் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள். மாத்திரை போட்டீர்களா என்று கேட்பார்கள்.

சென்ற வாரம் எங்களுக்கு இரண்டு அவசரங்கள் இருந்தன. திருச்சியில் ஒரு பெண்கள் விடுதிக்கு நாற்பது லாக்கர், எல்லாம் தந்த நிறம், திங்கட்கிழமை காலை லாரி வரும். மற்றது, ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதியில் இருக்கும் சௌரிராஜன் என்பவரின் மகள் கல்யாணச் சீருக்கு அரக்கு நிறத்தில் ஒரு பீரோ. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை இரும்பு வீட்டுக்குள் வரக் கூடாது என்பது எல்லோரும் அறிந்தது. ஆகவே வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பீரோ போய்ச் சேர வேண்டும். வியாழக்கிழமை தந்த நிறம் ஓடிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் பலகையைப் பார்த்தேன். வெள்ளி காலை அரக்கு, பிறகு பூத் கழுவல், பிறகு மறுபடியும் தந்தம் என்று எழுதியிருந்தது.

நான் பானுப்ரியாவைக் கூப்பிட்டு, "ஏம்மா, தந்தத்துக்கு நடுவுல அரக்கைக் கொண்டாந்து வெச்சிருக்கியே. ஒரு கதவுல செவப்பு விழுந்தா நாப்பதையும் திருப்பி அனுப்புவானே" என்றேன்.

"விழாம கழுவிக்கலாம் மாமா. பீரோவத் தொட்டியில கழுவி எடுத்தாச்சு. சும்மா போட்டு வெச்சா துரு ஏறும். கல்யாண வீடு வேற."

"ஒரு நாள் தள்ளிக் கேட்டுப் பாரேன்."

"எதை, கல்யாணத்தையா? பேசாம என் பீரோ மாதிரி மூணாம் நாள் அனுப்பிடுவோமா?"

பக்கத்தில் நின்ற ஜோதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்பாகத் தொழிற்சாலைக்குப் போனேன். நாசிலைக் கழற்றித் துணியில் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திருடும் எண்ணம் இல்லை. சொந்தப் பொருளை யார் திருடுவார்கள்? நான் நேரில் ஸ்ரீரங்கம் போய், பீரோவைச் சனிக்கிழமை வாங்கிக்கொள்ள அவர்களைச் சம்மதிக்க வைத்துத் திரும்பும் வரை அரக்கு தொடங்கக் கூடாது என்பதே என் நோக்கம். மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். போன் வீட்டில் சார்ஜில் இருந்தது. வாசலில் எதிரே வந்த ஜோதி, "எங்கங்கய்யா காலங்காத்தால?" என்று கேட்டதற்கு, "ஸ்ரீரங்கத்துல பெருமாள் சேவிக்க" என்றேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான்.

அதன் பிறகு பஸ் ஏறி, டோல்கேட்டில் இறங்கி, வேறு பஸ் மாறி, கொள்ளிடம் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் சேர்ந்து, விசாரித்துக்கொண்டு சௌரிராஜன் வீட்டை அடைந்தேன். வாசலில் பந்தல் போட்டு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சௌரிராஜன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் யார் என்று சொன்னதும், "அடடே, வாங்கோ வாங்கோ, பீரோ வந்துடுத்தா?" என்று வீதியை எட்டிப் பார்த்தார். வீதியில் ஒரு மாடு மட்டும் நின்றது.

நான் உட்கார்ந்து நிதானமாக விஷயத்தைச் சொன்னேன். பூத் ஒன்று, நிறம் இரண்டு, தந்தம் முடியாமல் அரக்கு ஓட்ட முடியாது, ஆகவே பீரோ நாளை சாயங்காலம் வரும் என்றேன். அவர் கணக்கு வாத்தியார் என்பதால் எல்லாம் புரிந்துகொண்டார். அவர் மனைவி அரவிந்தவல்லி அம்மாளும் புரிந்துகொண்டு, அதன் பிறகு, "நாளைக்கு சனிக்கிழமை. இரும்பு ஆத்துக்குள்ள வரப்படாது" என்றார்கள்.

"வாங்கறதுதாம்மா கூடாது. நீங்கதான் எப்பவோ ஆர்டர் குடுத்து வாங்கிட்டீங்களே. நாளைக்கு சும்மா வந்து சேருது, அவ்வளவுதான்" என்றேன்.

"வாங்கறதானா என்ன, வர்றதானா என்ன? சனிக்கிழமை சனிக்கிழமைதானே."

நாற்பது வருடமாக நானே சனிக்கிழமைகளில் எந்த வீட்டுக்கும் பீரோ அனுப்பியதில்லை. அது அந்த அம்மாளுக்குத் தெரியாது என்பதால் நான் விடாமல் பேசினேன். இதற்குள் கல்யாணத்துக்கு வந்திருந்த உறவினர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் என் பக்கம், பாதிப் பேர் அம்மாள் பக்கம். ஒருவர் சைக்கிள் இரும்புதானே, சனிக்கிழமை அதை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு வருவதில்லையா என்று கேட்டார். அது பழைய இரும்பு என்று ஒரு மாமி சொன்னார். நல்ல காப்பி கொடுத்தார்கள். கல்யாணப் பெண் மாலினி தட்டில் முறுக்கு கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கேயே நின்று, "மாமா, பூட்டு நல்ல பூட்டா?" என்று மெதுவாகக் கேட்டது. "ஏம்மா?" என்றேன். "போற ஆத்துல ஒம்பது பேர். எனக்குன்னு சாவி போட்டு வெச்சுக்க அது ஒண்ணுதான்" என்றது. நான் செய்த பூட்டைச் சாவி இல்லாமல் என்னாலேயே திறக்க முடியாது என்று சொன்னேன். மாலினி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டது.

அதன் பிறகு அரவிந்தவல்லி அம்மாளின் தம்பி மதுசூதன் என்பவர் ஒரு வழி சொன்னார். பீரோவின் ஏதாவது ஒரு பாகம் வெள்ளிக்கிழமையே வீட்டுக்குள் வந்துவிட்டால், பீரோ வந்துவிட்டதாகத்தான் அர்த்தம். மறுநாள் வருவது அதன் மிச்சம்தான், புது இரும்பு அல்ல. இது எல்லோருக்கும் பிடித்திருந்தது. என்னிடம் என்ன பாகம் இருக்கிறது என்று கேட்டார்கள். சாவியும் பூட்டும் பானுப்ரியாவின் மேசையில் இருந்தன. என் பையில் பஸ் டிக்கெட்டும் நாசிலும் மட்டும்தான் இருந்தன. நாசிலை எடுத்துக் காட்டி, இது பீரோவின் பாகம் அல்ல, நிறம் தெளிக்கும் முனை என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"இது இல்லாம அந்தப் பீரோவுக்கு நிறம் உண்டா?" என்று மதுசூதன் கேட்டார்.

"இல்லீங்க."

"நிறம் இல்லாம அது அக்கா கேட்ட பீரோ ஆகுமா?"

"ஆகாதுங்க."

"அப்புறம் என்ன ஓய், இதுதான் பீரோ!"

எல்லோரும் கைதட்டினார்கள். அரவிந்தவல்லி அம்மாள் நாசிலை வாங்கி, பித்தளைத் தட்டில் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, ஒரு முழம் மல்லிகையைச் சுற்றி, ஆரத்தி எடுத்து, பெருமாள் படங்களும் சாளக்கிராமமும் இருக்கும், கோயிலாழ்வார் என்று அவர்கள் சொல்லும் பூஜை மாடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். காரியம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போட்டார்கள். அக்காரவடிசில் இரண்டு தரம் பரிமாறினார்கள். கை கழுவிவிட்டு வந்து, "அப்ப நான் போயிட்டு வரேங்க, அந்த நாசிலக் குடுத்தீங்கன்னா வேலையை ஆரம்பிச்சிடுவோம்" என்றேன்.

அரவிந்தவல்லி அம்மாள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். "இன்னிக்கு வெள்ளிக்கிழமையோன்னோ? ஆத்துக்கு வந்த மஹாலக்ஷ்மியை அன்னிக்கே யாராவது வெளிய அனுப்புவாளா?"

நான் சொல்லிப் பார்த்தேன். சௌரிராஜன் சொல்லிப் பார்த்தார். மதுசூதனைத் தேடினேன். அவர் சமையல்காரரைப் பார்க்கப் போய்விட்டிருந்தார். நாசில் இல்லாமல் நான் இறங்கிப் போக மாட்டேன் என்று சொல்லி, கூடத்தில் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். தாராளமாக இருக்கலாம் என்று சொல்லி அம்மாள் எனக்கு ஒரு தலையணை கொடுத்தார்கள். போன் எண் எதுவும் எனக்கு மனப்பாடம் இல்லை. பீரோ ஆர்டர் ரசீதில் தொழிற்சாலை எண் இருக்கும் என்று சௌரிராஜன் தேடினார். கல்யாண வீட்டில் ரசீது கிடைக்கவில்லை. சாயங்காலம் வரை அவரும் நானும் தேங்காய் எண்ணிப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தோம்.

இதற்கிடையில் தொழிற்சாலையில் நடந்தது எனக்குப் பிறகு தெரிந்தது. காலையில் கன்னைத் திறந்து பார்த்த ஜோதி கூச்சல் போட்டிருக்கிறாள். அரக்கும் ஓடவில்லை, தந்தமும் ஓடவில்லை. ஓவன் சூடாகி ஆறியது. வெல்டிங் ஆட்கள் சீட்டு விளையாடினார்கள். மதியம் தாண்டியும் நான் வராததால் பானுப்ரியா அழுதுகொண்டே நிலையத்துக்கு வந்ததாகத் தலைமைக் காவலர் இப்போது சொன்னார்கள். பானுப்ரியா இதை மறுக்கிறாள். தூசி என்கிறாள்.

ஸ்ரீரங்கம் என்று நான் சொன்னதை ஜோதி நினைவுபடுத்த, பானுப்ரியா ஆர்டர் விலாசத்தை எடுக்க, தலைமைக் காவலர் அனுசுயாவும் பானுப்ரியாவும் ஜோதியும் விளக்கு வைக்கும் நேரத்தில் சௌரிராஜன் வீட்டுக்கு வந்தார்கள். நான் தேங்காய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். பானுப்ரியா முதலில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அதன் பிறகுதான், "நாசில் எங்க மாமா?" என்றாள். நான் கையைக் காட்டினேன். தலைமைக் காவலர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, "இதை நான் எப்படிம்மா கைப்பத்துறது?" என்று பானுப்ரியாவிடம் கேட்டார்கள். இதை எழுத வேண்டாம் என்று அவர்கள் இப்போது சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று நான் சொன்னதால் எழுதுகிறார்கள்.

அரவிந்தவல்லி அம்மாள் போலீசுக்கும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். விடிந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். வந்தவர்களுக்கும் காப்பி வந்தது. பானுப்ரியா காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"சரி மாமா. ஒரு நாள் போச்சு. நாளைக்கு விடியக்காலையிலதான் நாசில் கைக்கு வரும். அரக்கும் முடியல, லாக்கர் பாதி நிக்குது, திங்கக்கிழமை லாரி. நாளைக்கு எதை முதல்ல ஓட்டட்டும்? நீங்களே சொல்லுங்க."

கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தந்தத்தை முதலில் எடுத்தால் அது முடிய ஞாயிறு மதியம் ஆகிவிடும், பீரோ கல்யாணத்துக்குப் பிறகுதான் வரும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உள்ளே மாலினி இரண்டு கையிலும் மருதாணியோடு உட்கார்ந்திருக்க, யாரோ அதன் வாயில் சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தார்கள். வாயை அசைக்காமல் அதுவும் என்னைப் பார்த்தது.

"அரக்கு" என்றேன்.

ஜோதி, "அய்யா, தெரிஞ்சுதான் சொல்றீங்களா? அரக்கு ஓட்டிட்டுத் தந்தமா? அப்புறம் பூத்தை யாரு கழுவுறதாம்?" என்றாள்.

"நான் கழுவறேன்."

"எழுதிக் குடுங்க. போலீஸ் வேற இருக்காங்க."

அன்றிரவு அவர்களோடு ஊர் திரும்பினேன். மறுநாள் சனிக்கிழமை விடியற்காலையில் மதுசூதனே நாசிலைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பூ சுற்றியபடியே இருந்தது. துவாரத்தில் இருந்த குங்குமத்தை ஜோதி ஊதி எடுத்தாள். பீரோவைப் பார்த்தபோது, பானுப்ரியா சொன்னபடியே முதுகுத் தகட்டில் துரு பூத்திருந்தது. உப்புத்தாள் வைத்து அதைத் தேய்த்தவன் நான்தான். அதன் பிறகு அரக்கு ஓடியது. சாயங்காலம் குட்டியானை வண்டியில் பீரோவை ஏற்றி அனுப்பினோம். வந்தது மிச்சம்தான் என்று சொல்லி அரவிந்தவல்லி அம்மாள் ஆரத்தி இல்லாமலே உள்ளே விட்டதாக டிரைவர் சொன்னார். அதன் பிறகு நானும் ஜோதியும் பூத்தைக் கழுவினோம். நான் மூலைகளை, அவள் மற்றதை. பிறகு தந்தம் ஓடி, ஞாயிறு இரவு முடிந்தது. கல்யாண வீட்டிலிருந்து எல்லா ஆட்களுக்கும் புளியோதரை வந்தது.

இன்று திங்கட்கிழமை காலை, லாரியில் ஏற்றும் முன் நாற்பது லாக்கர் கதவுகளையும் டார்ச் அடித்து நானே பார்த்தேன். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. இரண்டாம் முறையும் பார்த்தேன். இல்லை. மூலைகளைக் கழுவியது நான் என்பதால்தான் இல்லை. இதனால் என் விதி தவறு என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

புகாரைத் திரும்பப் பெறுவதாக பானுப்ரியா இங்கே எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான் அதற்குச் சும்மா சம்மதிக்கவில்லை. இனிமேல் பலகையில் எழுதும் முன் என்னைக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். அவள், "கேக்கறேன் மாமா. ஆனா நீங்க சொல்றதையே எழுதுவேன்னு நான் சொல்லல" என்றாள். எழுதாவிட்டால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும் என்றேன். சொல்கிறேன் என்றாள். தலைமைக் காவலர் இதற்குச் சாட்சி.

அதன் பிறகு, இந்த நிலையத்தின் பெஞ்சிலேயே அவள் என்னிடம், "ஜீயபுரத்துக்குக் கறுப்பு அலமாரி இருக்கு, துறையூர் ஸ்கூலுக்கு இளநீல மேசை இருக்கு. நாளைக்கு என்ன மாமா முதல்ல?" என்று கேட்டாள். இளநீலம் முதலில், கறுப்பு பிறகு என்றும், அதன் காரணத்தையும் சொன்னேன். நடுவில் குறுக்கிடாமல் முழுவதும் கேட்டாள். ஜீயபுரத்துக்காரர் வண்டி காலையிலேயே வந்துவிடும், துறையூருக்கு அவசரமில்லை என்று காரணம் சொல்லிவிட்டு, உள்ளங்கையில் பேனாவால் கறுப்பு என்று எழுதிக்கொண்டாள். அது தவறு என்பதையும், என்னைக் கேட்டாள் என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதப்பட்டதைத் தலைமைக் காவலர் உரக்க வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை, அத்தனையும் நடந்த உண்மை. மருமகள் வெளியே வண்டியை ஸ்டார்ட் செய்து எனக்காக நிற்பதால் கண்ணாடியைத் தேடாமல் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒப்பம்
பிச்சைமுத்து